டாக்டரிடம் மறைக்காதீர்கள்
(மேரு வட்டாரத் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வேலை நிபந்தனைகளைப் பற்றியும் நாம் பலமுறை பேசியிருக்கின்றோம். சைவ உணவு உண்பவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நடக்கின்றது என்பதைப் பற்றிப் பேசுமாறு இன்று என்னைப் பணித்திருக்கின்றார்கள். நான் டாக்டர் அல்லன். செக்ரோல் எழுதுகின்ற கிராணி. ஆகவே, என் வீட்டில் நடந்ததையும், அதன்பின் நான் படித்து அறிந்ததையும் மட்டுமே சொல்லுகின்றேன்.

என் தாயார் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். என் தந்தையார் காலமான ஆண்டில், முருகனுக்கு வேண்டிக்கொண்டு மீன், இறைச்சி, முட்டை மூன்றையும் விட்டுவிட்டார். ஐந்தாறு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. பிறகு முகம் வெளுத்தது, நாக்கு புண்ணாயிற்று, இரண்டு மரம் வெட்டுவதற்குள் மூச்சு வாங்கியது. கால் மரத்துப் போகிறது, பஞ்சின்மேல் நடப்பது போல இருக்கிறது என்றார்.

ஒரு கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, "இரத்தம் இல்லை, ஈரல் சாப்பிடு" என்றார். அம்மா தமக்குத் தெரிந்த மலாயில், "சாயா தா மாக்கான் டாகிங்" என்றார். இந்தியர்கள் மாட்டிறைச்சி உண்ணமாட்டார்கள் என்பது டாக்டருக்குத் தெரியும். அதைத்தான் அம்மா சொல்லுகிறார் என்று எண்ணி, "கோழி ஈரல் சாப்பிடலாமே" என்றார். சாமிக்கு வேண்டுதல் என்று நான் விளக்கினேன். "சாமி வந்து இரத்தம் கொடுக்குமா?" என்று கேட்டார். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து, ஈரல் சாப்பிடுகிறாயா என்று கேட்கும்போதெல்லாம், "சாப்பிடுகிறேன் டாக்டர்" என்று அம்மா சொல்லத் தொடங்கினார். நானும் பக்கத்தில் வாய் மூடி நின்றேன். அவர் இரும்புச்சத்து மாத்திரையும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் கொடுத்து வந்தார். இரத்தம் கொஞ்சம் ஏறியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் கால் மட்டும் நாளுக்கு நாள் மோசமாயிற்று. இருட்டில் நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஓராண்டு கழித்து வேறொரு டாக்டரிடம் போனோம். இளவயதுப் பெண். அவர் முதலில் கேட்ட கேள்வி, "நேற்றுக் காலை முதல் இரவு வரை என்னென்ன சாப்பிட்டீர்கள் அம்மா?" என்பதுதான். சோறு, சாம்பார், கங்கோங் கீரை, டின் பால் ஊற்றிய தேத்தண்ணீர் என்று அம்மா உண்மையைச் சொன்னார். உடனே அவர் இரத்தத்தில் வைட்டமின் பி 12 எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். மிகமிகக் குறைவு. ஊசி போட்டார். சில வாரங்களில் நாக்குப் புண் ஆறிற்று, களைப்பு நீங்கிற்று. ஆனால் காலில் அந்த மரப்பு முழுவதும் போகவில்லை. இன்றும் இருக்கின்றது. முன்பே வந்திருந்தால் நரம்பைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் அந்த டாக்டர்.

தோழர்களே, இதில் குற்றவாளி யார்? ஏளனம் செய்த டாக்டர் பாதி. பொய் சொன்ன நாங்கள் பாதி.

டாக்டர்களும் மறைத்ததுண்டு. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, கஸ்தூர்பா அம்மையாருக்கு டர்பன் நகரில் அறுவை நடந்தது. உடல் தேற மாட்டிறைச்சிச் சாறு கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அவள் சம்மதித்தால் கொடுங்கள் என்றார் காந்தி. ஆனால் அந்த டாக்டர் அதற்கு முன்பே, நோயாளியைக் கேளாமலே கொடுத்துவிட்டிருந்தார். பின்பு அம்மையாரைக் கேட்டபோது, செத்தாலும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். மழைத் தூறலில் அவரைப் பீனிக்ஸ் குடியிருப்புக்குக் கொண்டுபோனார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். இதைக் காந்தியே 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கின்றார். அவர் பிழைத்ததைப் போல எல்லோரும் பிழைப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நோயாளியைக் கேட்காமல் செய்கின்ற வைத்தியம் நம்பிக்கையைக் கெடுக்கும் என்பதற்காகச் சொல்லுகின்றேன்.

இனி, ஈரல் என்ற சொல் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் மைனாட், மர்பி என்ற இரு டாக்டர்கள், ஆளைக் கொல்லும் ஒருவகைச் சோகையை ஈரல் உணவால் தடுக்கலாம் என்று 1926இல் காட்டினார்கள். 1934இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த அந்தச் சத்தை 1948இல் தனியே பிரித்தெடுத்தார்கள். அதுதான் வைட்டமின் பி 12. இன்று அந்த மருந்தை நுண்ணுயிர்களை வளர்த்துத் தயாரிக்கின்றார்கள். ஆடு மாடு அறுக்க வேண்டியதில்லை. ஆகவே, ஈரல் வேண்டாம், அந்த மருந்தைக் கொடுங்கள் என்று கேட்பது அறியாமை அன்று.

தொழிலாளர் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொரு வரலாறும் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்கள் சோகையால் துன்பப்பட்டார்கள். அவர் கடிந்துகொள்ளவில்லை, அவர்கள் என்ன சாப்பிடுகின்றார்கள் என்று ஆராய்ந்தார். இறைச்சிக்குத் தடையில்லாத ஏழை முஸ்லிம் பெண்களிடத்திலேயே அந்த நோய் மிகுதியாக இருந்தது. காரணம் வறுமை, வயிற்றுக்கு நல்ல உணவு இல்லை. அவர் கொடுத்த மருந்து மார்மைட். ஆம், நம் கடைகளில் விற்கின்ற அதே கறுப்புப் பசைதான்; ஈஸ்ட்டிலிருந்து செய்வது. பெண்கள் தேறினார்கள். 1931இல் அதை வெளியிட்டார். அதில் இருந்த சத்தே பின்னாளில் ஃபோலிக் ஆசிட் எனப்பட்டது.

அந்த ஃபோலிக் ஆசிட்தான் என் தாயாருக்கும் கொடுக்கப்பட்டது. பம்பாய்ப் பெண்களுக்கு உயிர் கொடுத்த மருந்து என் தாயாரின் காலைக் காப்பாற்றவில்லை. ஏன்? அவருக்குக் குறைந்தது வேறு சத்து. பி 12 குறைந்தவருக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால், இரத்தம் தேறியதுபோல் தோன்றும். நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். டாக்டரிடம் உண்மை சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

சைவர்கள் நினைவில் வைக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகின்றேன்.

பி 12 பாலிலும் தயிரிலும் உண்டு. கீரையிலும் பருப்பிலும் இல்லை. தெம்பேயை நம்பியும் இருக்க முடியாது. டின்னில் வருவதெல்லாம் பால் அன்று. கிரீமர் என்றிருந்தால் அதில் சீனியும் பாமாயிலுமே மிகுதி. உடம்பு இச்சத்தைப் பல ஆண்டுகளுக்குச் சேமித்து வைப்பதால், குறை உடனே தெரியாது. நாக்குப் புண், கால் மரப்பு, தள்ளாட்டம் கண்டால் காத்திருக்காதீர்கள்.

இரும்புச்சத்து பருப்பிலும் கீரையிலும் உண்டு. எலுமிச்சை, கொய்யா சேர்த்துக்கொண்டால் அது நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட உடனே தேத்தண்ணீர் குடித்தால் குறைவாகவே சேரும். வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழுவாலும் இரத்தம் குறையும். எல்லாச் சோகைக்கும் சைவத்தின்மீது பழி போட வேண்டாம்.

டாக்டரிடம் 'டாகிங்' என்று மட்டும் சொல்லாதீர்கள். "சாயா தா மாக்கான் ஆயாம், ஈக்கான், தெலோர், செமுவா டாகிங்" என்று முழுவதும் சொல்லுங்கள். பால் குடிப்பதுண்டா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். கூடு மாத்திரைகளின் கூடு பெரும்பாலும் மிருகத் தோல், எலும்பிலிருந்து செய்யப்படுவது. வேண்டாமென்றால் வேறு உண்டா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

கிராணிமார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மலாயும் ஆங்கிலமும் பேசத் தெரிந்தவர்கள் நாம். வயதான ஒரு தாயார் கிளினிக்குக்குப் போகும்போது ஒருவர் துணை போகலாம். நான் துணை போயும் வாய் மூடி நின்றேன். அந்தத் தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். நம் கிளையில் இதற்கென இருவரை நியமிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகின்றேன். முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

துரையிடம் நியாயம் கேட்கக் கற்றுக்கொண்ட நாம், டாக்டரிடம் உண்மை சொல்லவும் கற்றுக்கொள்ளுவோம்.