மலைநாடு தேடிவரும் பல்கலைக்கழகம்

கற்க விரும்பியவன் கல்விக்கூடத்தைத் தேடிச் சென்றது பழைய முறை. கற்பவன் இருக்குமிடத்தைத் தேடிக் கல்வி வருவது இக்காலத்து முறை. இம்முறை மடுல்சீமை போன்ற தோட்டப் பகுதிகளுக்கு எவ்வாறு பயன்படும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்றது. நாவலையைத் தலைமையிடமாகக் கொண்ட அதற்குப் பதுளையிலும் ஒரு நிலையம் உண்டு. தொழில் செய்துகொண்டே பட்டம் பெற விழைவோர்க்கு அது நல்ல வாயில். ஆயினும் மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து பசறை வழியாகப் பதுளைக்குப் பஸ் ஏறும் ஓர் இளைஞனுக்கு, இரண்டு மணி நேர வகுப்பு என்பது ஒரு முழு நாளாகும்; பஸ் கட்டணத்தோடு ஒரு நாட்கூலியும் போய்விடும்.

இணையவழிக் கல்வி இக்குறையைத் தீர்க்கும் என்று பலர் எண்ணினர். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபொழுது, 'லேர்ன்' என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வாயிலாக விரிவுரைகள் நடைபெற்றன. அவற்றைக் கேட்க மாணவர்கள் இணையக் கட்டணம் செலுத்தாதிருக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. கட்டணம் நீங்கியது, ஆனால் மலைமடிப்புகளுக்குள் அலை எட்டவில்லை. 2021இலே, பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் பாடங்களைப் பெறுவதற்காகக் காட்டுவழி நடந்து பாறைமீது ஏறிய செய்தியை உலகம் அறிந்தது. அவர்கள் பாடசாலைப் பிள்ளைகளே. எனினும் பல்கலைக்கழக மாணவனுக்கும் மலை அதே மலைதான்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? நேரடிக் காணொளி வகுப்பு, எல்லாரும் ஒரே வேளையில், குன்றாத அலையோடு காத்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஒரு மணி நேரக் காணொளி வகுப்புக்கு 500 மெகாபைட்டும் அதற்கு மேலும் செலவாகலாம். அதே விரிவுரையைக் குரலாக மட்டும் பதிவு செய்தால் ஏறக்குறைய 15 மெகாபைட் போதும். கடைவீதிக்குச் செல்லும்பொழுது அதனைக் கைத்தொலைபேசியில் இறக்கிக்கொண்டு, இரவிலே லயத்து வீட்டிலிருந்து பன்முறை கேட்கலாம்.

வானொலி நேயர்கள் மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. அவுஸ்திரேலியாவிலே, தொலைதூரப் பிள்ளைகளுக்கென்று 1951ஆம் ஆண்டில் வானொலிப் பள்ளி தொடங்கப்பெற்றது. பிற்காலத்தில் அத்தகைய பள்ளியிலே சிற்றலை வழியாகக் கற்ற மார்ட்டின் டூகியாமஸ் என்பவரே 'மூடில்' என்னும் கற்றல் மென்பொருளை 2002இல் வெளியிட்டார். நம் திறந்த பல்கலைக்கழகமும் பாடங்களையும் ஒப்படைகளையும் அம்மென்பொருள் வழியாகவே வழங்கி வருகிறது. மாணவன் தனக்கு வாய்த்த வேளையில் அதனுள் புகுந்து, எழுதியதைச் சேர்த்துவிட்டு மீளலாம்.

எனினும் ஐயம் தெளிதலும், ஆய்வுகூடப் பயிற்சியும், உடன் கற்போரின் தோழமையும் இயந்திரத்தால் முற்றும் கிடைப்பனவல்ல. ஆதலின் இரண்டையும் இணைக்கும் கலப்பு முறையே சிறந்தது. வீட்டிலே கேட்கக்கூடியதை வீட்டிலே கேட்கட்டும். பதுளைக்குச் செல்லும் நாள் வினாவுக்கும் விவாதத்திற்கும் உரிய நாளாகட்டும்.

தோட்டப் பாடசாலைகளிலே உள்ள கணினி அறையை மாலை வேளைகளில் திறந்துவைத்து, ஓர் இணைய இணைப்பை ஊரிலுள்ள உயர்கல்வி மாணவர் அனைவரும் பகிர்ந்துகொள்ளச் செய்வது கடினமன்று. பாடங்கள் தமிழிலும் குரற்பதிவாகக் கிடைப்பின் பயன் பன்மடங்காகும். பெற்றோரும் அதிபர்களும் தோட்ட நிருவாகத்தினரும் ஒன்றுகூடி இதனை ஆவன செய்வார்களாயின், பட்டப்படிப்பைப் பாதியில் கைவிடும் நிலை நம் பிள்ளைகளுக்கு வெகுவாகக் குறையும்.