பைலாவும் தப்பும்



கல்யாண வீட்டில் பைலா ஒலித்தால் நம் பாட்டிமாரும் எழுந்து ஆடுவார்கள். போர்த்துக்கேய மொழியில் ‘பைலார்’ என்றால் ஆடுதல். 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், பின்னர் ஆபிரிக்கர்களையும் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவந்தனர். பைலாத் தாளத்தின் வேர் அவர்களிடம் இருக்கிறது. கியூபாவின் ரும்பாவும் பிரேசிலின் சம்பாவும் இவ்வாறே கடல் கடந்து கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்கரிடம் பிறந்தவை. 1940களில் வாலி பஸ்தியன் அந்த 6/8 தாளத்தில் சிங்களத்தில் பாடினார், பின்னர் ஏ. ஈ. மனோகரன் அதைத் தமிழ்ப் பொப் பாடல்களில் பரப்பினார்.

கோப்பித் தோட்டங்களுக்குக் கடல் தாண்டி வந்த நம் முன்னோர் தப்பைக் கொண்டுவந்தார்கள். விடியலில் பிரட்டுக்கு அழைத்தது அதுதான். காமன் கூத்தில் ஆடவைத்ததும் அதுதான். பைலாவுக்கு மகிழ்ந்து ஆடும் நாம் தப்பைக் கண்டு கூசலாமா? அடுத்த கலைவிழாவில் நம் பாடசாலை மேடையில், நம் மாணவியர் கையில் அது முழங்கட்டும்.