நிலத்தைத் தானே வாங்கிய பாப்பம்மாள் பாட்டி

தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டி நினைவேந்தல் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து:

பின்னாடி நிக்கிற தாய்மார்கள் முன்னாடி வந்து உட்காருங்க. இன்னிக்குப் பேச்சு உங்களைப் பத்தினதுதான்.

செப்டம்பர் 27 அன்னிக்கு பாப்பம்மாள் பாட்டி நம்மை விட்டுப் போயிட்டாங்க. பத்து நாளைக்கு முன்னாடி நடந்த முப்பெரும் விழாவிலதான் கழகம் அவங்களுக்குப் பெரியார் விருது கொடுத்துச்சு. பாட்டி பிறந்தது 1914. முதல் உலகப்போர் தொடங்கின வருஷம்.

2021-இல் பத்மஸ்ரீ அறிவிச்ச பிறகு தேக்கம்பட்டிக்கு கேமராக்கள் வரிசை கட்டி வந்துச்சு. அதே வருஷம் கோவைக்கு வந்த பிரதமரும் பாட்டியை வணங்கினார். பாட்டி கழகத்தின் ஆரம்பகால உறுப்பினர்னு ஊருக்கே தெரியும். அந்த வயசுக்கும் உழைப்புக்கும் முன்னாடி யாரும் கட்சி பார்க்கலை. நல்லதுதான்.

ஆனா வந்தவங்க எல்லாரும் கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "என்ன சாப்பிடுறீங்க பாட்டி?" சுடுதண்ணி, வாழை இலைச் சாப்பாடு, ஆட்டுக்கறி பிரியாணி. பிரியாணின்னதும் இங்க சில பேர் முகத்தில வெளிச்சம் தெரியுது, இருக்கட்டும்! நான் கேட்கிறது, "அந்த நிலம் உங்களுக்கு எப்படி வந்துச்சு பாட்டி?"ன்னு எத்தனை பேர் கேட்டாங்க?

சின்ன வயசிலேயே அப்பா அம்மாவை இழந்து, தேக்கம்பட்டியில பாட்டி வீட்டில வளர்ந்தவங்க. அந்தப் பாட்டி விட்டுட்டுப் போனது ஒரு மளிகைக் கடை. அதைக் கையில எடுத்தாங்க, கூடவே ஒரு சாப்பாட்டுக் கடையும் நடத்தினாங்க. அந்த லாபத்தில வாங்கினதுதான் சுமார் 10 ஏக்கர் நிலம். புருஷன் வீட்டுச் சொத்தும் இல்லை, அப்பன் எழுதி வெச்சதும் இல்லை. எடை போட்டு, சோறு போட்டுச் சம்பாதிச்சது.

அந்தக் காலத்தில பொம்பளைப் பிள்ளைக்கு நகை போடுவாங்க, நிலம் எழுத மாட்டாங்க. மகளுக்கும் குடும்பச் சொத்தில சம பங்குன்னு தலைவர் கலைஞர் சட்டம் கொண்டுவந்தது 1989-இல். இந்தியா முழுக்க அது வர 2005 ஆச்சு. பாட்டி அதுக்கெல்லாம் பல வருஷம் முந்தி.

1959-இல் தேக்கம்பட்டி ஊராட்சியில வார்டு உறுப்பினரா ஜெயிச்சாங்க. அன்னிக்கு 33 சதவீதமும் கிடையாது, 50 சதவீதமும் கிடையாது. பிறகு காரமடை ஒன்றியக் கவுன்சிலராகவும் இருந்தாங்க.

பிற்பாடு நிலத்தில பெரும்பகுதியை வித்துட்டு, மிச்சம் வெச்சது இரண்டரை ஏக்கர். அதில ரசாயன உரம் போடாம வாழையும் காய்கறியும் வெச்சாங்க. நூறு வயசு தாண்டியும் தோட்டத்தில இறங்கினாங்க. கோவை வேளாண் பல்கலைக்கழகத்து விவாதக் குழுவில விஞ்ஞானிகளோட சரிசமமா உட்கார்ந்து பேசினவங்க. வனபத்ரகாளியம்மன் கோயிலுக்கும் யானைகள் முகாமுக்கும் பேர்போன அந்தப் பவானி ஆத்தங்கரை ஊர், பாட்டியாலயும் பேர் வாங்கிச்சு.

இப்ப நம்ம வீட்டுக்கு வருவோம். களை எடுக்கிறது யாரு? நாத்து நடுறது யாரு? மாட்டுக்குத் தீனி வைக்கிறது யாரு? 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி இந்தியாவில சாகுபடி நிலத்தை நடத்துறவங்கன்னு பதிவானவங்கள்ல நூத்துக்கு 14 பேர்தான் பெண்கள். மத்தவங்க வேலை செய்யாமலா இருக்காங்க? பட்டாவில பேர் இல்லை, அவ்வளவுதான். கடன், மானியம், நிவாரணம்னு போய் நின்னா முதல்ல கேட்கிறது சிட்டாவைத்தானே!

அதனால, பாட்டி படத்துக்கு மாலை போட்ட உடன்பிறப்புகள் இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் உங்க சிட்டாவை எடுத்துப் பாருங்க. அதில வீட்டு அம்மா பேர் இருக்கா, மக பேர் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா கூட்டுப் பட்டாவுக்கு என்ன செய்யணும்னு கிராம நிர்வாக அலுவலர்கிட்ட கேளுங்க. அக்டோபர் 2 கிராம சபைக்குத் தாய்மார்கள் அந்தக் காகிதத்தைக் கையோட கொண்டு வாங்க. நானும் வர்றேன்.