தந்தையின் பெயரும் பிள்ளையின் ஆட்டமும்



அமெரிக்காவின் அக்ரான் நகரில் பள்ளி மாணவராக இருந்தபோதே கூடைப்பந்தில் நாடறிந்தவர் லெப்ரான் ஜேம்ஸ். பள்ளிப் படிப்பு முடிந்த 2003-லேயே தொழில்முறை அணிகளின் வீரர் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். அவருடைய மகன் பிரானிக்குப் பத்து வயதிலேயே கல்லூரிகளின் அழைப்புகள் வரத் தொடங்கின. அந்த வயதுப் பிள்ளையை அழைப்பதே விதிமீறலாக வேண்டும் என்று 2015-இல் தந்தையே சொன்னார். 2024-இல் நடந்த வீரர் தேர்வில் மகனுக்குக் கிடைத்தது 55-ஆவது இடம்.

நாமும் விளையாட்டுத் திடலில், “இன்னாருடைய மகனா நீ?” என்று கேட்கிறோம். நமக்கு அது பாராட்டு, பிள்ளைக்கோ சுமை. முதலில் அவன் ஓடட்டும். ஓடி முடித்ததும் அவன் பெயரைச் சொல்லித் தட்டிக்கொடுப்போம். தந்தை பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.