கைக்கேற்ற கருவி



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். கணினிக்குப் பக்கத்தில் மேசைமேல் கிடக்கும். அதை நகர்த்தினால் திரையில் ஓர் அம்புக்குறி நகரும். விரலால் அழுத்தினால் வேலை நடக்கும். ஆங்கிலத்தில் அதை மௌஸ் என்கிறார்கள். தமிழில் சுட்டி என்கிறோம்.

தோட்டத்துக் குடும்பங்களுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். விடியுமுன் பெரட்டுக்குப் போனவர்களின் பிள்ளைகள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள்? சிலர் தோட்டத்து ஆபீசிலேயே கணினியில் செக்ரோல் பதிகிறார்கள். சிலர் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஜொகூர் பாருவிலும் கணக்கெழுதுகிறார்கள். உளி பிடித்த கையின் வாரிசு இன்று சுட்டி பிடிக்கிறது. அந்தக் கையைக் காப்பதும் நம் வீட்டுக் கவலைதானே?

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. தந்தை முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். மகள் பட்டணத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். ஒரு நாள் இரவு சாப்பிடும்போது தண்ணீர்க் குவளை அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"விரலெல்லாம் மரத்துப்போகுதுப்பா. ராத்திரியிலே கையை உதறிக்கிட்டே எழுந்திருக்கிறேன்" என்றாள்.

தந்தை சிரித்தார். "ஏம்மா, குளுகுளு அறையிலே உட்கார்ந்து வேலை செய்யுற கைக்கு வலியா? நாங்க இருட்டிலே நெற்றியிலே விளக்கைக் கட்டிக்கிட்டு ஐந்நூறு மரம் வெட்டினோம்."

மகள் மறுவார்த்தை பேசவில்லை. இன்னும் இரண்டு மாதம் வலியைப் பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் தலைவாரச் சீப்பைப் பிடிக்கவும் முடியாமல் அவள் தவித்ததைத் தந்தை பார்த்துவிட்டார். "எப்படித்தான் வேலை செய்யறே? காட்டு பார்ப்போம்" என்றார். அவள் மேசைமேல் கையை வைத்துக் காட்டினாள். ஆபீசில் யாரோ விட்டுப்போன சுட்டியாம். கைக்குப் பெரியதாம். மேசையும் உயரமாம். நாள்முழுதும் தோளைத் தூக்கி, மணிக்கட்டை மேலே மடித்து, விரலை எட்டி எட்டி அழுத்த வேண்டியிருந்ததாம்.

தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அடுத்தவன் உளியை நான் ஒரு நாள்கூட எடுத்து மரம் வெட்டினதில்லையேம்மா. நீ எதுக்கு அடுத்தவங்க கருவியைப் பிடிச்சுக் கையைக் கெடுத்துக்கறே?"

நேயர்களே, இன்றைய பேச்சின் சாரம் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. கருவிதான் கைக்கேற்றதாக இருக்க வேண்டும். கையைக் கருவிக்கேற்ப வளைக்கக் கூடாது.

இந்தக் கருவி பிறந்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவரின் எண்ணத்தில் உதித்தது இது. அவருடன் பணியாற்றிய பில் இங்கிலிஷ் என்பவர் முதல் சுட்டியைச் செய்தார். அதன் கூடு மரத்தால் ஆனது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் எங்கல்பார்ட் அதைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். அன்று அது ஒரு புதுமை. இன்றோ ஒருவர் நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் பிடித்திருக்கும் கருவி.

அப்படிப் பிடித்திருக்கும்போது கைக்குள் என்ன நடக்கிறது? நம் மணிக்கட்டின் உள்பக்கம், எலும்புகளுக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் நடுவே குறுகிய வழி ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அந்த வழியாகத்தான் போகின்றன. அங்கே நெருக்கம் ஏற்பட்டால் நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்துப்போகும். சுண்டுவிரல் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். இரவில் தொல்லை கூடும். கையை உதறினால் சற்றுத் தணியும். மகள் சொன்ன அடையாளம் இதுதான் அல்லவா?

இனி, புதிய சுட்டி வாங்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, அளவு. கையை விரித்து, மணிக்கட்டின் மடிப்புக் கோட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்துகொள்ளுங்கள். ஏறத்தாழ 17 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சிறிய கை. 19 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிய கை. கடைக்குப் போனால் பெட்டியைப் பார்த்து வாங்காமல் கையில் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கை அதன்மேல் இளைப்பாற வேண்டும். விரல்கள் எட்டிப் பிடிக்காமல் பொத்தான்மேல் தாமாக அமர வேண்டும். கிள்ளிப் பிடிக்க நேர்ந்தால் அது சிறியது. விரலை நீட்டி அழுத்த நேர்ந்தால் அது பெரியது.

இரண்டாவது, வடிவம். இப்போது ஒரு சிறு சோதனை செய்வோமா? உள்ளங்கை கீழே பார்க்கும்படி கையை மேசைமேல் வையுங்கள். முன்கையில் உள்ள இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வந்துவிடும். இப்போது ஒருவருக்குக் கைகொடுப்பதுபோல் கையைத் திருப்புங்கள். முறுக்கு தளர்வது தெரிகிறதா? இந்த நிலையில் பிடிப்பதற்கென்றே நிமிர்ந்த சுட்டிகள் வந்திருக்கின்றன. முழுதும் செங்குத்தாக இல்லாமல், 57 பாகை அளவில் சாய்ந்தவையும் உண்டு. அவை முன்கையின் முறுக்கைக் குறைக்கின்றன. ஆனால் நரம்பு நோயே வராமல் தடுக்கும் என்று யாராவது சொல்லி விற்றால் நம்பிவிடாதீர்கள். அப்படி மெய்ப்பிக்கப்படவில்லை. உங்கள் கைக்கு இதமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிடித்துப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகலாம்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். இப்படி வளைத்துச் செய்த சுட்டிகளில் பெரும்பாலானவை வலக்கைக்கு மட்டுமே ஆனவை. இடக்கைக்கென்று செய்தவற்றைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் இருபுறமும் ஒரே மாதிரியான சுட்டியை வாங்கி, பொத்தான்களைக் கணினியில் மாற்றி அமைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, கம்பியா, கம்பியில்லாததா? கம்பி உள்ள சுட்டி மலிவு, மின்கலம் வேண்டாம். ஆனால் கம்பி மேசை விளிம்பில் சிக்கி இழுக்கும். அந்த இழுப்பைக் கை ஈடுகட்ட வேண்டியிருக்கும். கம்பியில்லாததில் அந்தத் தொல்லை இல்லை. அதிலே இரண்டு வகை உண்டு. ஒன்று, நகத்தளவு ஏற்பி ஒன்றைக் கணினியில் செருகி வேலை செய்வது. மற்றொன்று புளூடூத். பழைய மேசைக் கணினிகள் பலவற்றில் புளூடூத் வசதி இருக்காது. ஆகவே அலுவலகக் கணினியை விசாரித்துக்கொண்டு வாங்குங்கள். ஏற்பியைத் தொலைத்துவிட்டால் சுட்டி பயன்படாமல் போகக்கூடும். அதை உள்ளே வைத்துக்கொள்ள இடம் உள்ள சுட்டியாகப் பாருங்கள்.

மின்கலத்தையும் கவனியுங்கள். டபிள் ஏ மின்கலம் ஒன்று இருபது கிராமுக்கு மேல் எடை சேர்க்கும். சிறிய கைக்கு அதுவும் ஒரு சுமை. மின்னேற்றும் வகையானால், செருகும் துளை முன்புறம் இருக்கட்டும். அடிப்புறத்தில் இருந்தால் மின்னேறும் நேரத்தில் வேலை செய்ய முடியாது.

நான்காவது, காசு. பெட்டியின்மேல் டி.பி.ஐ. என்று பெரிய பெரிய எண்களைப் போட்டிருப்பார்கள். சுட்டியை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது எத்தனை புள்ளிகளை உணரும் என்பதே அந்தக் கணக்கு. அலுவலக வேலைக்கு 1,000 முதல் 1,600 வரை போதும். பல்லாயிரக் கணக்கு விளையாட்டுக்காரர்களுக்கு. வண்ண விளக்குகளும் நமக்கு வேண்டாம். முப்பது நாற்பது வெள்ளியிலும் நிமிர்ந்த சுட்டி கிடைக்கிறது. அதைப்போல் பல மடங்கு விலையிலும் கிடைக்கிறது. விலை கூடியதுதான் கைக்கு ஏற்றது என்று எண்ண வேண்டாம். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல சுட்டி வாங்கியாயிற்று. வேலை முடிந்ததா? இல்லை. நல்ல உளியையும் தவறாகப் பிடித்தால் மரமும் கெடும், கையும் கெடும் அல்லவா? முழங்கை உடலோடு ஒட்டி, மேசை உயரத்துக்கு வரும்படி நாற்காலியைச் சரி செய்துகொள்ளுங்கள். அதனால் கால் தரையில் எட்டாவிட்டால் ஒரு பலகையைப் போட்டுக்கொள்ளலாம். மணிக்கட்டு மேலேயோ பக்கவாட்டிலோ மடியக் கூடாது. சுட்டி, விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விசைப்பலகையின் வலக்கோடியில் உள்ள எண் கட்டம் சுட்டியைத் தூரத் தள்ளிவிடும். எண்கள் அதிகம் தட்டாதவர்கள் அந்தக் கட்டம் இல்லாத விசைப்பலகையை வாங்கினால் தோளுக்கு நிம்மதி. நகலெடுக்கவும் ஒட்டவும் விசைகளையே அழுத்தப் பழகினால் சுட்டிக்குப் போகும் வேலையும் குறையும். அரைமணிக்கு ஒருமுறை கையை எடுத்து, விரல்களை விரித்து மூடி, எழுந்து நாலடி நடந்துவிட்டு வாருங்கள்.

இத்தனையும் செய்தும் மரத்துப்போவது நிற்கவில்லையென்றால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்கும், தைராய்டுக் கோளாறு உள்ளவர்களுக்கும், கருவுற்ற பெண்களுக்கும் இந்த நோய் வருவதுண்டு. கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். தொடக்கத்திலேயே கவனித்தால், இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையிலேயே பலருக்குக் குணம் தெரியும். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் கட்டைவிரலின் அடிச்சதை கரைந்து கையின் பலமே போய்விடக்கூடும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தொழிலாளியின் பாதுகாப்பையும் ஆரோக்கியத்தையும் கவனிப்பது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளிலிருந்து அச்சட்டம் மேலும் பல வேலையிடங்களுக்கு விரிவாக்கப்பட்டிருக்கிறது. தொழிலால் வரும் நோய்களுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சொக்சோ பாதுகாப்பும் உண்டு. ஆகவே வலி வந்த நாளையும் செய்த வேலையையும் குறித்து வையுங்கள். டாக்டரிடம் உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். கைக்கேற்ற சுட்டி வேண்டும் என்று மேலதிகாரியிடம் பணிவாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள். அது சலுகை கேட்பது ஆகாது.

அந்த மகள் என்ன ஆனாள்? கிளினிக்குக்குப் போனாள். இரவில் பட்டை கட்டிக்கொண்டாள். தந்தையே கூட வந்து, கடையில் நான்கைந்து சுட்டிகளை எடுத்துக் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஒரு நல்ல உளியைத் தேர்ந்தெடுப்பதுபோல் நிதானமாகப் பார்த்தார். சில வாரங்களில் அவளுக்கு இரவுத் தூக்கம் திரும்பியது. கை முழுதும் குணமாக இன்னும் நாளாகும். ஆனால் வலிக்கிறது என்று அவள் சொன்னால் அந்த வீட்டில் இப்போது யாரும் சிரிப்பதில்லை.

நேயர்களே, வெயிலில் உழைக்கும் கையும் கை, நிழலில் உழைக்கும் கையும் கை. இன்றிரவு சாப்பிட உட்காரும்போது, ஆபீசில் வேலை செய்யும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "கை எப்படியம்மா இருக்கு?"