பிறந்தநாள் விழா: அன்றும் இன்றும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



குழந்தைகளின் பிறந்தநாள் விழா நம் பாட்டனார் காலத்தில் எவ்வாறு இருந்தது, நம் தந்தையார் காலத்தில் எவ்வாறு மாறிற்று, இன்று நம் கையில் எவ்வடிவம் எய்தியுள்ளது என்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு காரியதரிசியார் எம்மைப் பணித்தனர். இது சிறு விஷயம் போலத் தோன்றும். ஆயினும், ஒரு குடும்பம் எதனை மகிழ்ச்சியெனக் கொள்கின்றது என்பதை அறிய இதனினும் நல்ல அளவுகோல் வேறில்லை.

பிறந்தநாள் கொண்டாடுதல் மேனாட்டார் தந்த வழக்கம் என்பார் நம்முட் பலர். அது முற்றும் பொருந்தாது. தொல்காப்பியப் புறத்திணையியலில், பாடாண்டிணைத் துறைகளுள் ஒன்றாக அரசனது பிறந்தநாட் பெருமங்கலம் கூறப்பட்டிருக்கின்றது. அந்நாளில் அரசன் சினம் ஒழிந்திருப்பான், வெள்ளணி அணிவான், சிறைப்பட்டோரை விடுவிப்பான் என்பது உரையாசிரியரால் அறியப்படும். பிற்கால நூலார் இதனையே நாண்மங்கலம் என்றனர். இராஜராஜ சோழனது ஐப்பசிச் சதயம் தஞ்சைப் பெரிய கோயிலில் இன்றும் விழாவாக நிகழ்கின்றது. இவற்றில் நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. பிறந்தநாளுக்கு உரியவன் அன்று கொடுப்பவனாக இருந்தான், பெறுபவனாக அல்லன்.

இனி, அரண்மனையை விட்டு நம் வீட்டுக்கு வருவோம். நம் பாட்டனார் காலத்தில் ஊரறியக் கொண்டாடிய பிறந்தநாள் ஒன்றே. அதுதான் ஆண்டு நிறைவு. முடியிறக்கி, தாய்மாமன் மடியிலிருத்திக் காது குத்தி, சுற்றத்தார்க்கு விருந்திடுவர். முதலாண்டிற்கு மட்டும் இத்துணைச் சிறப்பு ஏன்? 1920ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நம் தேசத்திற் பிறந்த 1,000 குழந்தைகளுள் ஏறத்தாழ 200 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன்னரே மாண்டன. முன்பிறந்த மகவை இழந்த தாய், அடுத்த மகவைக் குப்பையிற் கிடத்தி எடுத்துக் குப்பு என்று பெயரிட்டாள். அயலாளிடம் கொடுத்துத் தவிட்டுக்கு வாங்கினாள். பிச்சை என்று அழைத்தாள். காலன் கண்ணுக்கு அக்குழந்தை மதிப்பற்றதாகத் தோன்றவேண்டும் என்பதே அவள் கருத்து. அத்தகைய காலத்தில் ஓராண்டு நிறைவு என்பது வெறும் கொண்டாட்டமன்று. மரண வாயிலினின்று மீண்ட குழந்தைக்குச் செய்யும் நன்றியறிதல். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் அவ்வெண்ணிக்கை 1,000க்கு 13 ஆகக் குறைந்தது. மருத்துவத்துக்கும் தடுப்பூசிக்கும் நல்ல குடிநீருக்கும் நாம் எத்துணைக் கடமைப்பட்டிருக்கிறோம்!

முதலாண்டுக்குப் பின் வந்த பிறந்தநாட்களில் ஆரவாரமில்லை. தமிழ் மாதத்தில் ஜன்ம நட்சத்திரம் வரும் நாளன்று கோயிலில் அர்ச்சனை, வீட்டிற் பாயசம், பெரியோர் காலில் விழுந்து ஆசி பெறுதல், இவ்வளவே. பின்னர் அறுபதாம் ஆண்டு நிறைவிலேதான் மீண்டும் பந்தல் எழும்.

நம் தந்தையார் காலத்தில் நட்சத்திரம் தேதிக்கு இடங்கொடுத்தது. அதனை மாற்றியது மேனாட்டு நாகரிகம் என்பதைவிடப் பள்ளிக்கூடத்துப் பதிவேடு என்பதே தகும். பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்ததாயினும், கிராமத்தில் அதனைப் பொருட்படுத்தாதவர் பலர். குழந்தை வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொட்டால் ஐந்து வயதாயிற்று என்று சேர்த்துக்கொள்வார் ஆசிரியர். ஜூன் மாதத்திற் பள்ளி திறக்கும்போது வயது நிறைந்திருக்கத்தக்கதாக ஒரு தேதியைத் தாமே எழுதிக்கொள்வார். அத்தேதியே பின்னர் உத்தியோகத்துக்கும் ஓய்வுக்கும் ஆதாரமாயிற்று. தாய் அறிந்த நாள் ஒன்று, சர்க்கார் அறிந்த நாள் ஒன்று என இரு பிறந்தநாளுடையார் இச்சபையிலும் சிலர் இருத்தல் கூடும். உண்மைத் தேதி உடையார்க்கும் தேதியும் நட்சத்திரமும் ஆண்டுதோறும் ஒத்துவாரா. ஏறத்தாழ 19 ஆண்டுக்கு ஒருமுறையே கூடும்.

இன்றோ கேக்கும் மெழுகுவத்தியும் இன்றிப் பிறந்தநாள் இல்லை. கேக்கில் மெழுகுவத்தி ஏற்றுதல் செர்மானியரிடமிருந்து பரவியது என்பர். அப்போது பாடும் பாட்டின் மெட்டு, அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்தைச் சேர்ந்த மில்ட்ரெட் ஹில், பேட்டி ஹில் என்னும் சகோதரியர் 1893ஆம் ஆண்டில் வெளியிட்டது. அது முதலிற் பிறந்தநாட் பாட்டன்று. காலையிற் பள்ளிக்கு வரும் சிறுவர்க்கு வணக்கங் கூறும் பாட்டு. ஆசிரியத் தொழிலினரான எமக்கு அதனிடம் பகையில்லை. ஆனால் விளக்கை அணைத்தேன் என்று சொல்லவும் அஞ்சி, குளிரவைத்தேன் என மங்கல வழக்காற் கூறிய பாட்டியர், பேரன் தீபத்தை வாயால் ஊதுவதைக் கண்டு முகம் வாடுதலை யாம் கண்டிருக்கிறோம்.

எனினும் பழமை முழுதும் நன்று என்று யாம் கூறோம். ஆண்மகவின் ஆண்டு நிறைவுக்கு ஊரையழைத்த பல வீடுகளிற் பெண்மகவின் நாள் வந்தும் தெரியாது, போயும் தெரியாது. இன்று பெண்குழந்தையின் பெயர் கேக்கின்மேல் எழுதப்படுகின்றது. இதனை ஆக்கம் என்றே கொள்ளவேண்டும்.

எம் கவலை வேறொன்று. வகுப்பில் ஒரு மாணவன் பிறந்தநாளன்று வண்ண உடை உடுத்து எல்லோர்க்கும் மிட்டாய் வழங்குகிறான். மற்றொருவன் ஆண்டுதோறும் குறிப்பிட்ட ஒரு நாளில் மட்டும் பள்ளிக்கு வருவதில்லை. ஏனென்று பதிவேட்டைப் புரட்டினால் அதுவே அவன் பிறந்தநாள். மிட்டாய் வாங்கப் பணமில்லை. வெறுங்கையோடு வந்து நிற்க மனமில்லை. பத்து வயதுச் சிறுவன், தான் பிறந்த நாளை மறைத்துக்கொள்ள வேண்டியவனாகின்றான். இஃது ஒருவன் கதையன்று. எம் தொழிலில் யாம் பலரைக் கண்டோம். அவ்வாறே, அடுத்த வீட்டார் மண்டபம் பிடித்தனர் என்பதற்காகத் தாமும் கடன் வாங்கி மண்டபம் பிடித்து, பலூன் தோரணத்துக்கும் படம் எடுப்போர்க்கும் வந்தவர்க்கு ஈயும் பரிசுப் பைக்கும் செலவிட்டு, ஜூன் மாதத்திற் பள்ளிச் சம்பளத்துக்கு நகையை அடகு வைப்போர் நம்மிடையிலும் உளர். குழந்தையின் பெயராற் பட்ட கடனுக்கு அக்குழந்தையின் கல்வி வட்டி கட்டுவதா?

ஆகலின் மூன்று யோசனைகளை இச்சபையின்முன் வைக்கின்றோம். ஒன்று: ஆண்டு நிறைவு தவிர்ந்த பிறந்தநாட்களை வீட்டளவில் நடத்துதல், கடன்பட்டு நடத்தாமை. இரண்டு: வகுப்பில் மிட்டாய் வழங்குவதற்கு மாறாக, அவரவர் சக்திக்கேற்ப ஒரு நூலைப் பள்ளி நூல்நிலையத்துக்குப் பெயர் எழுதாது அளித்தல், யார் அளித்தார், யார் அளிக்கவில்லை என்பது எவர்க்கும் தெரியலாகாது. மூன்று: அன்று வீட்டு மூத்தோர் குழந்தையை அருகிருத்தி, அது பிறந்த நாளின் கதையைச் சொல்லுதல். எந்த ஊர், எந்த வேளை, மழையா வெயிலா, முதலில் எடுத்தவர் யார் என்பனவற்றைக் கேட்க விரும்பாத குழந்தை இல்லை. இதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆனால் சொல்லவல்ல பாட்டியர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.

கேக்கு வேண்டுவோர் கேக்கு வெட்டுக; பாயசம் வேண்டுவோர் பாயசம் வைக்க. அதனில் வழக்கில்லை. பிறந்தநாளுக்குரிய குழந்தை அன்று ஒருவர்க்கேனும் ஒன்றைக் கொடுத்து மகிழப் பழகுமாயின், அரசர்க்கு உரியதாயிருந்த பெருமங்கலம் நம் வீட்டுக் குழந்தைக்கும் உரியதாகும்.