பிளேடு ஏன் சக்கரத்தை விட்டு நழுவுகிறது?

(சாங்கியில் மரவேலைத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இந்தச் சாங்கியின் பழைய அடையாளம் ஒரு மரம். 76 மீட்டர் உயரம் என்பார்கள். எதிரியின் பீரங்கிக்குக் குறியாகிவிடும் என்று அஞ்சி 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் இராணுவத்தார் அதைச் சாய்த்தனர். மரத்தைச் சாய்ப்பது ஒரு வேலை. அறுத்துப் பலகையாக்குவது வேறு வேலை. நாம் பேச வந்தது இரண்டாவதைப் பற்றி.

தோட்டத்துத் தோழர்களுக்கும் இதில் பங்குண்டு. 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரம் முன்பெல்லாம் அடுப்புக்கும் புகைவீட்டுக்கும் போயிற்று. 1980களிலிருந்து அது மலேசியாவில் நாற்காலியும் மேசையுமாகிக் கப்பலேறுகிறது. அதை அறுக்கும் பட்டறைகளில் நம் பிள்ளைகளும் நிற்கிறார்கள்.

அங்கே ஓடுவது பேண்ட்சா. மேலொன்று கீழொன்றாக இரண்டு சக்கரம். அவற்றைச் சுற்றி ஓடும் பல் வைத்த எஃகுப் பட்டை. 1808இல் இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் நீடித்து உழைக்கும் பிளேடு அன்று கிடைக்கவில்லை. முனைகளை உறுதியாகப் பற்றவைக்கும் முறைக்கு 1846இல் காப்புரிமை பெற்றவர் ஆன் பாலின் கிரெப்பின் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. இது ஆண்பிள்ளை வேலை என்போர் கவனிக்க!

பட்டறை பேண்ட்சாவின் சக்கரத்து ரப்பர் உறை பெரும்பாலும் நடுவே சற்றுப் புடைத்திருக்கும். தோட்டத் தொழிற்சாலையில் வார்ப்பட்டை ஓடும் கப்பியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. ஓடும் பட்டை மேட்டையே நாடும். அந்த மேடு தேய்ந்தாலோ, மரப்பாலும் தூளும் ஒட்டுப்பால் போலப் படிந்தாலோ, பிளேடு அலையும். ஒரு நாள் கழன்று பாயும். பெரிய ஆலைகளின் தட்டைச் சக்கரத்துக்கு முறை வேறு.

சீர்செய்யுமுன் மின்சாரத்தை அடியோடு துண்டியுங்கள். பக்கத் தாங்கிகளையும் பின் தாங்கியையும் விலக்குங்கள். தாங்கியைக் கொண்டு பிளேட்டை நெருக்கி ஓடவைப்பது சிலருக்கு வழக்கம். அது நோயை மூடி மறைப்பதாகும். சக்கரங்களைச் சுரண்டித் துடையுங்கள். இழுப்பை முதலில் சரியாக வையுங்கள். பின்னால் மாற்றினால் ஓட்டமும் மாறிவிடும். பிறகு மேல்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். பிளேடு முன்னே வந்தால் சக்கரத்தின் தலை பின்னே சாயும்படி திருகுங்கள். பின்னே போனால் எதிர்ப்புறம். கால் திருகு, சில சுற்று, மறுபடி கால் திருகு. அவசரம் கூடாது. நிலையாக நின்றதும் நட்டைப் பூட்டித் தாங்கிகளை அருகே கொண்டுவாருங்கள். பக்கத்தில் காகிதத் தடிப்பு இடைவெளி. பின் தாங்கி, மரத்தைத் தள்ளும்போதுதான் பிளேட்டைத் தொட வேண்டும். மூடியைப் பூட்டிய பின்பே மின்சாரம்.

பட்டையில் மயிரிழை பிசகாமல் உளி பிடிக்கும் கைக்கு இது ஆகாத வித்தையன்று. ஆனால் நேரம் வேண்டும். துண்டுக்கூலிக்கு அறுப்பவன் யந்திரத்தை நிறுத்தினால் அவன் பைதான் காலியாகிறது. அதனால் அலையும் பிளேட்டோடு மல்லுக்கட்டி விரலை இழக்கிறான். பழி, "கவனக்குறைவு" என்று அவன் தலையிலேயே!

சிங்கப்பூரில் 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. மலேசியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்தை முதலாளியிடம் தெரிவித்தும் அவர் நீக்காவிட்டால் தொழிலாளி விலகி நிற்கலாம். கணக்கெழுதும் கிராணிமாரிடம் நாம் கேட்பது ஒன்றே: செக்ரோலில் "ரம்பம் சீர்செய்த நேரம்" என்று தனிவரி போட்டு, அதற்கும் கூலி எழுதுங்கள்.